ஆரம்பாக்கம் எல்லையில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு உதவ வருகிறீர்களா? வண்டி எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கொரோனா ஊரடங்கில் சொந்த மாநிலம் திரும்ப, செங்குன்றம் தாண்டி கொல்கத்தா நெடுஞ்சாலையில் மூட்டையும் குழந்தையுமாக நடந்து போகிறவர்களைப் பார்த்துவிட்டு, "நாங்களும் ஏதாவது செய்யணும், எங்கே வரணும்?" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். தாராளமாக வாருங்கள். ஆனால் எந்த அலுவலகம், எந்தக் காகிதம் என்று தெரியாமல் வந்தால் முதல் வாரம் அலைச்சலிலேயே போய்விடும். கேட்க ஆளில்லாமல் நாங்கள் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம். இதில் சொல்லும் விதி, தொகை, ரயில் எல்லாம் 2020 ஜூன் இரண்டாம் வாரத்து நிலவரம். உத்தரவுகள் வாராவாரம் மாறுகின்றன, அதனால் கிளம்பும் முன் ஒருமுறை 1077-ல் (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை) கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே சோறு போட ஆள் இருக்கிறது. உட்கார்ந்து, பொறுமையாகப் பெயர் எழுதி, அந்தப் பெயர் ரயில் பட்டியலில் ஏறும்வரை பின்னாலேயே போக ஆள் இல்லை. நூறு பொட்டலத்தோடு வருகிற பத்துப் பேரைவிட, லேப்டாப்போடு வந்து இரண்டு வாரம் தொடர்ந்து நிற்கிற ஒருவர் பெரிய உதவி.

1. எல்லையைத் தாண்டவைப்பது உங்கள் வேலை இல்லை

புதிதாக வருகிற எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, "ஆரம்பாக்கம் வரை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டால் அந்தப் பக்கம் போய்விடுவார்களே" என்பது. செய்யாதீர்கள். இந்தப் பக்கம் எளாவூர் செக்போஸ்ட், அந்தப் பக்கம் தடாவுக்கு முன்னால் ஆந்திராவின் பி.வி. பாளையம் செக்போஸ்ட். இங்கே விட்டாலும் அங்கே திருப்பி அனுப்புவார்கள். இரண்டையும் தாண்டிவிட்டாலும் ஒடிசா எல்லையிலுள்ள இச்சாபுரம் வரவே கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். இந்த வெயிலில் குழந்தையோடு நடந்தால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பிகார்க்காரர்களுக்கு அதற்கப்புறமும் இரண்டு மாநிலம் இருக்கிறது.

தண்டவாளம் வழியாக நடக்கலாம், போலீஸ் இருக்காது என்று சிலர் சொல்வார்கள். மே 8-ஆம் தேதி மகாராஷ்டிராவில் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயில் ஏறி இறந்ததை அவர்களிடம் சொல்லுங்கள். பலருக்கு அந்தச் செய்தி தெரியாது.

ஊர் போய்ச் சேர நம்பகமான வழி, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக ரயில்வே விடும் ஷ்ரமிக் சிறப்பு ரயில்தான். மே 1-லிருந்து ஓடுகிறது. ஆரம்பத்தில் போய்ச் சேரும் மாநிலம் சம்மதித்தால்தான் ரயில் கிளம்பும் என்று இருந்தது. மே 19-ல் உள்துறை அமைச்சகம் விதியை மாற்றியதில் அந்தத் தடை போய்விட்டது. தொழிலாளர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று மே 28-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூன் 9-ல், விரும்புகிற எல்லோரையும் 15 நாட்களுக்குள் அனுப்புங்கள், மாநிலம் கேட்டால் 24 மணி நேரத்தில் ரயில் கொடுங்கள் என்றும் உத்தரவிட்டிருக்கிறது. இந்த நான்கு தேதிகளையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் யாராவது "அந்த ஸ்டேட்ல இன்னும் ஓகே சொல்லல" என்றால் எடுத்துக் காட்டலாம். சண்டைக்காகச் சொல்லவில்லை. கீழ்நிலையில் இருப்பவர்களுக்குப் புதிய உத்தரவு வந்து சேரவே நாளாகிறது.

2. உங்கள் பாஸும் அனுமதியும்

ஊரடங்கு விதிப்படி சென்னை ஒரு மண்டலம். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு சேர்ந்து இன்னொரு மண்டலம். மண்டலத்துக்குள் இ-பாஸ் (இணையத்தில் வாங்கும் பயண அனுமதி) தேவையில்லை, தாண்டினால் தேவை. ஆகவே சென்னையிலிருந்து தினமும் வந்து போகலாம் என்று திட்டம் போடாதீர்கள். பொன்னேரி, மீஞ்சூர், திருவள்ளூர் பக்கம் குடியிருக்கும் நண்பர்களைக் களத்துக்கு அனுப்பிவிட்டு, சென்னையில் இருப்பவர்கள் போன் வேலையும் பட்டியல் வேலையும் பார்ப்பது நல்லது. சொல்லப்போனால் பாதி வேலை போனில்தான் நடக்கிறது.

இறப்பு, கல்யாணம் என்று பொய்க் காரணம் போட்டுப் பாஸ் எடுக்கிறார்கள் சிலர். வண்டி நிறையச் செருப்பும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு, துக்கத்துக்குப் போகிறேன் என்று போலீஸ்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

பொருள் கொடுப்பதற்கு முன்தகவல் கட்டாயம். ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், 48 மணி நேரம் முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டு நிவாரணம் வழங்கலாம் என்றது. அதன்படி கும்மிடிப்பூண்டி தாசில்தாருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். யார் யார் வருகிறீர்கள், வண்டி எண், தேதி, இடம், என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்பது இருந்தால் போதும். நகல் ஒன்றை காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். உங்கள் பிரதியில் 'பெறப்பட்டது' என்று முத்திரையோ கையெழுத்தோ வாங்காமல் நகராதீர்கள். நாளைக்கு வேறு காவலர் டூட்டியில் இருப்பார், அவரிடம் காட்ட அந்தத் தாள்தான் இருக்கும். ஒரு வண்டியில் டிரைவரோடு நான்கு பேருக்கு மேல் வேண்டாம். இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது.

தாசில்தார் அலுவலகத்துக்குக் காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் கூட்டம், கள ஆய்வு என்று கிளம்பிவிடுவார்கள்.

3. கையில் என்ன கொண்டுவருவது

பிஸ்கட் வேண்டாம். தொழிலாளர்களைத் தங்கவைத்திருக்கும் முகாம்களில் பிஸ்கட் மலைபோல் கிடக்கிறது. கொண்டுவர வேண்டியவை:

பொரி, வெல்லம், வெங்காயம், பச்சை மிளகாய். ஒடிசா, வங்காளம், ஜார்கண்ட்காரர்கள் பொரியை விரும்பிச் சாப்பிடுவார்கள், கெடவும் செய்யாது. சமைத்த உணவு தருவதென்றால் புளிசாதம் ஒன்றுதான் இந்த வெயிலில் தாங்குகிறது. தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும்.

ரப்பர் செருப்பு, ஜோடி நூறு ரூபாய் அளவில். 7, 8, 9 அளவுகளோடு 4, 5-ம் வாங்குங்கள். எல்லோரும் ஆண்களின் அளவையே வாங்கி வருவதால், பெண்கள் தொளதொளச் செருப்பில் தடுக்கி விழுகிறார்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், இருபது ரூபாய்க்குள். சானிடரி நாப்கின், துணி மாஸ்க், சோப்பு. பால் பவுடரைத் தாய்ப்பால் கொடுப்பவர்களிடம் தள்ளாதீர்கள். கொதித்த தண்ணீரும் சுத்தமான பாட்டிலும் இல்லாத இடத்தில் அது வயிற்றுப்போக்கில்தான் முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஒரு கல்யாண மண்டபத்தில் அறுபது எழுபது பேர் இருப்பார்கள், வேலை செய்யும் பிளக் பாயின்ட் இரண்டு இருந்தால் அதிகம். அதைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம், எந்த போன் யாருடையது என்று தகராறு. ஆறு துளை பாக்ஸ் மூன்று, பழைய மாடல் பின்னுக்கும் புதுப் பின்னுக்கும் சார்ஜர், இரண்டு பவர் பேங்க் கொண்டுபோனால் அந்த மண்டபத்தில் உங்களுக்கு மரியாதையே வேறு. ரயில் தகவல் போனில்தான் வருகிறது. போன் செத்தால் ரயில் போச்சு.

4. முதல் பேச்சு

போய் நின்றதும் "ஆதார் காமி" என்று ஆரம்பிக்காதீர்கள். இவர்களிடம் ஏற்கெனவே போலீஸ், வருவாய்த் துறை, சுகாதாரத் துறை, கான்ட்ராக்டரின் ஆள் என்று பலர் ஆதார் வாங்கிப் படம் பிடித்துப் போயிருக்கிறார்கள். எதுவும் நடக்கவில்லை. நம்பிக்கை இல்லாதது நியாயம்தான்.

முதலில் ஊர் கேளுங்கள். "கோன் சா ஸ்டேஷன்?" (எந்த ஸ்டேஷன்?) என்றால் போதும், முகம் மாறும். இந்தி தெரிந்தால் பிகார், ஜார்கண்ட், உத்தரப் பிரதேசக்காரர்களிடம் சமாளித்துவிடலாம். மேற்கு ஒடிசாவின் பலாங்கிர் பக்கத்திலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பங்களிடம் இந்தி எடுபடாது, குறிப்பாகப் பெண்களிடம். ஒடியா தெரிந்த ஒருவரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போடுங்கள். சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் ஒடிசாக்காரர்கள் பலர் கேட்டால் மறுக்காமல் வருகிறார்கள். அவர்களின் எண்களை முதல் நாளே சேர்த்துவையுங்கள்.

அப்புறம், கூட்டத்துக்குள் யார் பேச்சை மற்றவர்கள் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். சத்தமாகப் பேசுகிறவர் அவராக இருக்கவேண்டியதில்லை. பல இடங்களில் கான்ட்ராக்டரின் ஆளே முன்னால் வந்து எல்லோருக்கும் பதிலாகப் பேசுவார். சம்பளம் பற்றி அவர் எதிரில் கேட்காதீர்கள்.

5. பட்டியல்

இதுதான் முக்கிய வேலை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வெளிமாநிலம் திரும்புகிறவர்களுக்கென்று தமிழக அரசின் இணையப் பதிவு இருக்கிறது. அதில் பதிவதோடு நிறுத்திவிடக் கூடாது. அதே விவரத்தை எக்செல் தாளாக வி.ஏ.ஓ. அல்லது வருவாய் ஆய்வாளரிடம் கொடுத்து, அது தாசில்தார் வழியாக ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனதை உறுதி செய்ய வேண்டும். எந்த ஊருக்கு எத்தனை பேர் என்று கூட்டிப் பார்த்துத்தான் ரயில் கேட்கிறார்கள். இணையத்தில் மட்டும் பதிந்தவர்களில் பலர், எந்த முகாமில் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் விடுபட்டுப் போகிறார்கள்.

தாளில் இருக்க வேண்டியவை: பெயர் (ஆதாரில் உள்ள அதே எழுத்துக் கூட்டல்), வயது, ஆண்/பெண், ஆதார் எண், போன் எண், மாற்று எண், சொந்த ஊரின் மாவட்டம், வட்டாரம், பஞ்சாயத்து, இறங்க வேண்டிய ரயில் நிலையம், இப்போது இருக்கும் இடம், குடும்பத்தில் எத்தனை பேர், வேலை கொடுத்தவர் பெயர், இடம். ஆங்கிலத்தில் அடியுங்கள், அங்கே அதைத்தான் கேட்கிறார்கள்.

எங்கே சிக்கும் என்றால்:

குழந்தைகளை விட்டுவிடுவார்கள். ஆதார் இல்லாத ஐந்து வயதுக் குழந்தைக்கும் தனி வரிசை போடுங்கள். பேருந்தில் ஏற்றும்போது தலை எண்ணுவார்கள், அப்போது ஒரு தலை கூடினால் குடும்பமே கீழே இறங்க வேண்டிவரும்.

ஒரே போன் எண்ணை எட்டுப் பேருக்குப் போடுவார்கள். போன் இல்லை என்றால் வேறு வழியில்லைதான். ஆனால் அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் அந்த எட்டுப் பேரோடு ஒரே ஊருக்குப் போகிறவரா என்று பாருங்கள். அவர் வேறு ரயிலில் முன்னாலேயே போய்விட்டால் மற்றவர்களுக்குச் செய்தி வராது. மாற்று எண்ணாக உங்கள் குழுவில் ஒருவரின் எண்ணைக் கொடுப்பது பாதுகாப்பு.

ஆதாரில் இருக்கும் முகவரி ஒன்று, போக வேண்டிய இடம் வேறொன்றாக இருக்கும். போகும் இடத்தையே போடுங்கள். மாவட்டப் பெயரோடு ரயில் நிலையத்தையும் கேட்டு எழுதுங்கள். பலாங்கிர் மாவட்டத்துக்காரருக்கு டிட்லாகட் கிட்ட இருக்கலாம். தெரியாமல் புவனேஸ்வர் என்று எழுதிவிட்டால் இறங்கியபின் அவருக்கு இன்னொரு நாள் பயணம்.

ஆதாரே கையில் இல்லை என்றால் வாக்காளர் அட்டை, வங்கிப் பாஸ்புக், ஊரிலுள்ள ரேஷன் கார்டு எதையாவது வீட்டிலிருந்து படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இருண்ட அறையில் எடுத்த படத்தில் எண் தெரியாது. வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லி மறுபடி வாங்குங்கள்.

ஒரே ஆள் மூன்று தன்னார்வலரிடம் பெயர் கொடுத்திருப்பார். பட்டியல் ஊதிப்போய் இருக்கிறது, பாதிப் பேர் வருவதே இல்லை என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் இது. போன் எண்ணை வைத்து வரிசைப்படுத்தி, இரட்டைப் பதிவுகளை நீக்கிவிட்டுக் கொடுங்கள். இரண்டாம் முறை போகும்போது உங்கள் தாளைத் தனியாக எடுத்துப் பார்ப்பார்கள்.

கொடுத்த தாளுக்குத் தேதி போட்டு ஒப்புதல் வாங்குங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை அதே தாளைப் புதுப்பித்துக் கொடுங்கள். அச்சுச் செலவு பக்கத்துக்கு இரண்டிலிருந்து ஐந்து ரூபாய்.

இன்னொன்று. ஆதார் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒரு ஆள் ஒரு லேப்டாப்பில் வைத்திருக்கட்டும், ஊர் போய்ச் சேர்ந்ததும் அழித்துவிடட்டும். முகம் தெரியப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போடுவது பற்றி நான் தனியாகத் திட்ட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

6. தனியாகக் கவனிக்க வேண்டியவர்கள்

கர்ப்பிணிகள். பத்து வயதுக்குட்பட்டவர்கள், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், கர்ப்பிணிகள், நாள்பட்ட நோயுள்ளவர்கள் அவசியம் இருந்தாலொழியப் பயணத்தைத் தவிர்க்கும்படி மே கடைசியில் ரயில்வேயே கேட்டுக்கொண்டது. ஒடிசாவுக்கே ஒரு நாளுக்கு மேல் ஆகும், பிகாருக்கு இரண்டு நாள், தாமதமானால் இன்னும் கூடும். எட்டு மாதம் தாண்டியவர் என்றால் அரசு மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்வதை ஒடியா தெரிந்த பெண் ஒருவர் மூலம் அந்தப் பெண்ணிடமே நேரடியாகச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். கணவரிடம் மட்டும் சொன்னால் போதாது. இருந்துவிடுவதாக முடிவெடுத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும். கூடவே கணவரோ மாமியாரோ தங்க முகாமில் அனுமதி வாங்குங்கள்.

சூளைக் குடும்பங்கள். திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் ஊரிலேயே முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். மழை தொடங்கும் முன் சீசன் முடிந்து கிளம்ப வேண்டிய நேரம் இது. "கணக்கு முடியல, போகக் கூடாது" என்று நிறுத்திவைத்தாலோ, ஆதாரைப் பிடுங்கி வைத்திருந்தாலோ, அடித்திருந்தாலோ நீங்கள் நேராகச் சூளைக்குள் போய்ப் பேசாதீர்கள். நீங்கள் போனபின் அடி அவர்களுக்குத்தான் விழும். பொன்னேரி கோட்டாட்சியருக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள், ஆட்சியர் அலுவலகத்துக்கு நகல். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அவர் விசாரித்து விடுதலைச் சான்று தர முடியும். அந்தச் சான்று இருந்தால் முன்பணக் கடன் செல்லாது. உடனடி உதவியாக 20,000 ரூபாய் வரை கிடைக்கும். சான்று கைக்கு வரும் முன்பே அவசரமாக ரயில் ஏற்றிவிட்டால், முன்பணம் கொடுத்த ஏஜென்ட் ஊரில் வந்து நிற்கும்போது அவர்களிடம் காட்ட எதுவும் இருக்காது. எனவே புகார் கொடுத்த அன்றே, ரயிலுக்கு முன் விசாரணையை முடித்துத் தரும்படி கேளுங்கள். வேலை செய்யும் குழந்தைகளைப் பார்த்தால் 1098.

தனியாக வரும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். ஆதாரில் வயது 19 என்று இருக்கும். முகத்தைப் பார்த்தால் தெரியும். அவர்களை ஊர்க்காரர் ஒருவரோடு சேர்த்து, வீட்டு எண் வாங்கி, பெற்றோரோடு பேசவைத்த பிறகு அனுப்புங்கள்.

7. காய்ச்சல் என்றால்

பாரசிட்டமால் அட்டையைப் பொதுவாக விநியோகிக்காதீர்கள். ரயில் ஏறுமிடத்தில் வெப்பமானி காட்டுவார்கள், அறிகுறி இருந்தால் ஏற்றமாட்டார்கள். இது எல்லோருக்கும் தெரியும். அதனால் காய்ச்சலை மறைக்க மாத்திரை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பெட்டியில் எழுபது பேர், முப்பது மணி நேரம். யோசித்துப் பாருங்கள்.

104-ஐ அழைத்துச் சொல்லுங்கள், மூச்சுத்திணறல் என்றால் 108. அரசுப் பரிசோதனை இலவசம். ஆம்புலன்சில் ஏற்றும்போது எந்த மருத்துவமனை என்று கேட்டு எழுதி, கூட இருப்பவர்களிடம் அந்தத் தாளைக் கொடுங்கள். மொழி தெரியாத ஊரில் ஆளைக் கொண்டுபோய்விட்டால், எங்கே என்று தெரியாமல் தேடி நடுங்கிவிடுவார்கள். பட்டியலில் அவருடைய பெயரையும் குடும்பத்தின் பெயரையும் அடுத்த ரயிலுக்கு மாற்றச் சொல்லி அன்றே எழுதிக் கொடுங்கள். பெயர் போய்விடாது என்று தெரிந்தால் மறைக்கமாட்டார்கள்.

நீங்களும் கவனமாக இருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் களத்துக்கு வராதீர்கள், போன் வேலை எடுத்துக்கொள்ளுங்கள். கபசுரக் குடிநீர் குடித்துவிட்டேன் என்று மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு திரியும் ஆட்களை வண்டியில் ஏற்றாதீர்கள்.

8. சம்பள பாக்கி

ரயிலுக்குப் பெயர் கொடுக்கும் அன்றே இதையும் எழுதி வாங்குங்கள். ஊருக்குப் போய்விட்டால் வசூலாவது மிகக் கடினம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, நாள் கூலி எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, மேஸ்திரியின் பெயர், போன் எண். ஆதாரமாக ஹாஜர் நோட்டு (வருகைப் பதிவு), மேஸ்திரியின் குரல் செய்தி, வங்கியில் வந்த பழைய தொகை எதுவானாலும் படமெடுத்து வைக்கவும். மனு தொழிலாளர் துறை உதவி ஆணையருக்கு. ஐந்து பேரோ அதற்கு மேலோ வெளிமாநிலத்தவரை வேலைக்கு வைத்த இடம் என்றால் 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டப்படி ஊர் திரும்பும் பயணப்படியும் உண்டு என்பதையும் மனுவில் சேருங்கள். முழுத்தொகை வராவிட்டாலும், துறையிலிருந்து ஒரு போன் போனதும் பாதியாவது கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்கிற கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

9. காத்திருக்கும் நாட்கள்

பெயர் கொடுத்ததிலிருந்து ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். வங்காளத்துக்காரர்களுக்கு இன்னும் தாமதம். மே 20-ல் ஆம்பன் புயல் அடித்ததால் மே 26 வரை ரயில் அனுப்ப வேண்டாமென்று அந்த மாநிலம் கேட்டுக்கொண்டது, அப்போது தேங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேதி தெரியாமல் "நாளைக்கு ரயில்" என்று ஆறுதலுக்குச் சொல்லாதீர்கள். இரண்டு முறை பொய்யானால் மூன்றாம் நாள் அதிகாலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இந்த நாட்களில் செய்ய வேண்டியவை சில. ரேஷன் கார்டு இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மே, ஜூன் இரண்டு மாதமும் ஆளுக்கு ஐந்து கிலோ தானியமும் குடும்பத்துக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலையும் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். ஒரு குழுவுக்கு ஒரு போனாவது பேசும் நிலையில் இருக்க ரீசார்ஜ் போடுங்கள், நூற்றைம்பது ரூபாய்க்குள் முடியும். பெண்கள் ஜன்தன் கணக்கு வைத்திருந்தால் ஏப்ரலிலிருந்து மாதம் 500 ரூபாய் வந்திருக்கும். பலர் எடுக்கவே இல்லை.

புரோக்கர்கள் வருவது இப்போதுதான். "பதிவுக்கு இருநூறு", "கொரோனா சர்டிஃபிகேட் ஐநூறு", "லாரியில் ஒடிசா வரை ஆளுக்கு ஐந்தாயிரம்". பதிவு இலவசம். சான்றிதழ் தேவையில்லை, ஏறுமிடத்திலேயே பரிசோதிக்கிறார்கள். லாரியில் தார்ப்பாய்க்கடியில் போனால் பி.வி. பாளையத்தில் இறக்கிவிடுவார்கள், பணம் திரும்பாது. முகாம் சுவரில் இதை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள்.

நடந்து போனதற்காக யார் மீதாவது ஊரடங்கு மீறல் வழக்கு போட்டிருந்தால், அந்த வழக்குகளைத் திரும்பப் பெறுவது குறித்துப் பரிசீலிக்கச் சொல்லி ஜூன் 9 உத்தரவிலேயே இருக்கிறது. வழக்கு எண்ணை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

10. ரயில் நாள்

தகவல் முந்தைய நாள் வரும், சில சமயம் அன்று காலையில்தான். கவுண்டரில் டிக்கெட் கிடையாது. அரசுப் பேருந்து முகாமுக்கே வந்து ஏற்றிக்கொண்டு ஸ்டேஷன் போகும், டிக்கெட்டை அங்கே அதிகாரிகளே கையில் கொடுப்பார்கள். தானாகச் சென்ட்ரலுக்குப் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள்.

பேருந்து வரும் முன் நீங்கள் பார்க்க வேண்டியது: ஆதார் கையில் இருக்கிறதா (மூட்டைக்குள் அல்ல), போன் சார்ஜ் இருக்கிறதா, குழந்தைகள் எல்லோரும் இருக்கிறார்களா, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், இரண்டு வேளைக்குப் பொரியோ ரொட்டியோ. ஸ்டேஷனில் நம் அரசும், வழியில் ரயில்வேயும் சாப்பாடு தர வேண்டும் என்பது உத்தரவு. தருகிறார்கள். ஆனால் ரயில் எங்காவது நான்கு மணி நேரம் நின்றுவிட்டால் அடுத்த வேளை எப்போது என்று சொல்ல முடியாது. குழந்தையுள்ள குடும்பத்துக்குக் கூடுதலாகக் கொடுங்கள்.

11. ஏறிய பிறகு

டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், ஊரில் எந்த உதவி கேட்டாலும் அதைக் காட்ட வேண்டியிருக்கும். இறங்கியதும் தனிமை முகாம் உண்டு என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபடி அடைத்துவிட்டார்கள் என்று பயந்து ஓடப் பார்ப்பார்கள். ஒடிசாவில் பஞ்சாயத்து முகாமில் தனிமைக் காலத்தை முழுதாக முடித்தவர்களுக்கு 2,000 ரூபாய் தருகிறார்கள். பாதியில் வெளியேறினால் கிடையாது.

மூன்றாம் நாள் எல்லோருக்கும் போன் போடுங்கள். சேர்ந்தவர்களைப் பச்சையிலும் பேருந்தைத் தவறவிட்டவர்களைச் சிவப்பிலும் குறியுங்கள். தவறவிட்டவர்களின் தாளை மறுநாள் காலையே தாசில்தார் அலுவலகத்தில் மறுபடி கொடுக்க வேண்டும். அங்கேயுள்ள பழைய பட்டியலில் அவர்கள் பெயருக்கு நேரே 'அனுப்பப்பட்டார்' என்று ஏறிவிட்டிருக்கும், அதை நீக்காமல் அடுத்த ரயிலில் இடம் கிடைக்காது.